கொசுவின் ரகசியத்தைக் கண்டவர், தீவுக்குக் கணக்குப் போட்டவர்: சர் ரொனால்ட் ராஸின் வாழ்க்கை

புதுதில்லி: ஆண்டுதோறும் ஆகஸ்ட் 20-ஆம் தேதி உலக கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1897-ஆம் ஆண்டு இதே தேதியில், செகந்திராபாதில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ஒருவர் கொசுவின் இரைப்பையை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தபோது, மலேரியா எவ்வாறு பரவுகிறது என்ற நெடுநாள் புதிரின் முதல் முடிச்சு அவிழ்ந்தது. அந்த மருத்துவர் சர் ரொனால்ட் ராஸ். அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அந்தக் கண்டுபிடிப்பைப் பலரும் அறிவர். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்தியப் பெருங்கடல் தீவான மொரிஷியஸில் அவர் ஆற்றிய பணி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. விடுமுறைக்கு அந்தமான், மாலத்தீவு, மொரிஷியஸ் எனத் தீவுகளை நாடிச் செல்லும் இன்றைய பயணிகளுக்கு அந்தப் பணி பெரிதும் பயன்படக்கூடியது.

அல்மோராவில் பிறந்தவர்

மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த மூன்றாம் நாள், 1857-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி, இன்றைய உத்தராகண்டில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தந்தை ஆங்கிலேய இந்திய ராணுவ அதிகாரி. உடன்பிறந்தோர் பலர், இவரே மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஓவியம், கவிதை, இசை, கணிதம் ஆகியவற்றில் அவருக்கு நாட்டம் மிகுதி. மருத்துவத்தில் ஆர்வமே இல்லை. ஆயினும் தந்தையின் விருப்பத்துக்கு இணங்கி லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பயின்றார். 1881-ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணப் பிரிவைப் பெற்றார். தொடக்க ஆண்டுகளில் சென்னை, பர்மா, அந்தமான் எனப் பல இடங்களில் பணியாற்றினார்.

1883-ஆம் ஆண்டு பெங்களூருவில் நிகழ்ந்த ஒரு சிறு அனுபவம் அவரது பிற்காலச் சிந்தனைக்கு வித்திட்டது. மற்ற அதிகாரிகளின் இருப்பிடங்களைவிடத் தமது பங்களாவில் கொசுக்கள் மிகுந்திருப்பதை அவர் கவனித்தார். காரணம் தேடியபோது, சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்ததும் கொசுத்தொல்லை குறைந்தது. முகாமில் உள்ள மற்ற பாத்திரங்களையும் கவிழ்க்கலாம் என அவர் கூறிய யோசனையை மேலதிகாரி ஏற்கவில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை அப்போது அவரும் அறிந்திருக்கவில்லை. மலேரியா சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றால் வருகிறது என்பதே அந்நாளைய பரவலான நம்பிக்கை.

செகந்திராபாதின் வெக்கை

1880-ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் அல்போன்ஸ் லாவரன், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். ராஸ் இதை நெடுநாள் நம்பவில்லை. 1894-ஆம் ஆண்டு விடுப்பில் லண்டன் சென்றபோது, மருத்துவ அறிஞர் பேட்ரிக் மேன்சன் அந்த ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் அவருக்குக் காட்டினார். கொசுவின் உடலில்தான் இதன் அடுத்த கட்ட வளர்ச்சி நிகழக்கூடும் என்ற தமது கருத்தையும் பகிர்ந்துகொண்டார். அதனை மெய்ப்பிக்கும் உறுதியோடு ராஸ் 1895-இல் இந்தியா திரும்பினார்.

ஆய்வு எளிதாக அமையவில்லை. ஏராளமான கொசுக்களை அறுத்துப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் மலேரியாவைப் பரப்பாத வகைகள் என்பது பின்னரே தெரியவந்தது. இடையில், மலேரியா மிகுந்த நீலகிரியின் சீகூர்ப் பகுதிக்குச் சென்றபோது, நோயை ஆராய வந்த அவரையே மலேரியா தாக்கியது.

1897 ஆகஸ்டில், சிறகில் புள்ளிகள் கொண்ட வேறு வகைக் கொசுக்கள் அவருக்குக் கிடைத்தன. அவை இன்று அனோபிலிஸ் என அறியப்படுகின்றன. உசேன் கான் என்ற மலேரியா நோயாளி அக்கொசுக்கள் தம்மைக் கடிக்க இசைந்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி தரப்பட்டது. கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் பங்கா கூட இழுக்காமல், வெக்கையில் வியர்வை வழிய ராஸ் பணியாற்றினார். ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அக்கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் கருநிறத் துகள்கள் கொண்ட உயிரணுக்களைக் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அவை மேலும் வளர்ந்திருந்தன. மனிதனின் ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

ஆய்வு சூடுபிடித்த வேளையில் அவர் ராஜபுதனத்தின் கேர்வாராவுக்கு மாற்றப்பட்டார். மேன்சன் லண்டனில் எடுத்த முயற்சியின் பயனாக 1898-இல் கொல்கத்தாவில் சிறப்புப் பணி கிடைத்தது. அங்கு மனித மலேரியா நோயாளிகள் போதிய அளவில் கிடைக்காததால், பறவைகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்தார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டு ஜூலையில், ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கொசு கடிக்கும்போது நலமான பறவைக்குள் நுழைவதையும் ராஸ் நிறுவினார். கெட்ட காற்றுக் கொள்கை அத்தோடு முடிவுக்கு வந்தது. மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலியின் ஜொவான்னி பத்திஸ்தா கிராசியும் அவருடைய சகாக்களும் அதே ஆண்டு மெய்ப்பித்தனர். முதன்மை யாருக்கு என்ற கசப்பான சர்ச்சை ராஸுக்கும் கிராசிக்கும் இடையே பல்லாண்டுகள் நீடித்தது. 1902-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ராஸுக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆங்கிலேயர் அவரே.

காய்ச்சல் புகுந்த தீவு

1899-இல் இந்தியாவை விட்டு லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்த ராஸ், கண்டுபிடிப்பைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதில் முனைந்தார். கொசு உற்பத்தியாகும் நீர்நிலைகளை அகற்றினால் மலேரியா குறையும் என்பது அவரது வாதம். சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியா நகரில் அவரது ஆலோசனைப்படி நடந்த பணி நல்ல பலன் தந்தது. ஆனால் லாகூரை அடுத்த மியான் மீர் ராணுவ முகாமில் நடந்த சோதனை தோல்வி எனக் கருதப்பட்டது. ஒரு கொசுவைக் கொன்றால் பக்கத்திலிருந்து பத்துக் கொசுக்கள் பறந்து வரும், எனவே இம்முயற்சி வீண் என்று பல அதிகாரிகள் கருதினர். அந்தச் சோதனை அரைகுறையாக நடத்தப்பட்டது என்பது ராஸின் பதில். வாதம் முடிவின்றி நீண்டது.

இந்நிலையில்தான் 1907-ஆம் ஆண்டு இறுதியில் அவர் மொரிஷியஸுக்கு அழைக்கப்பட்டார். ஒரு காலத்தில் உடல்நலத்துக்கு உகந்த இடம் எனப் பெயர் பெற்றிருந்த தீவு அது. 1860-களின் நடுவில் மலேரியா அங்கு நுழைந்தது. 1867-ஆம் ஆண்டுப் பெருங்காய்ச்சலில் பல்லாயிரம் பேர் மடிந்தனர். கடலோரத் தலைநகரான போர்ட் லூயிஸை விட்டு, வசதி படைத்தோர் க்யூர்பிப் போன்ற குளிர்ந்த மேட்டுநிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தமிழகம் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அவ்வாறு செல்ல வழியில்லை.

சுமார் மூன்று மாதங்கள் தீவில் தங்கிய ராஸ், பள்ளிகளிலும் தோட்டங்களிலும் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தைக் கணக்கெடுக்கச் செய்தார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கும் குழந்தைக்கு மண்ணீரல் பெருக்கும். எனவே வீங்கிய மண்ணீரல்களின் விகிதம் ஓர் ஊரின் நோய்ச்சுமையைக் காட்டிவிடும். சதுப்பு நிலங்களை வடித்தல், ஓடைகளைச் சீர்செய்தல், குழந்தைகளுக்குக் குயினைன் வழங்குதல், இவற்றைக் கவனிக்க நிலையான பணியாளர்களை அமர்த்துதல் ஆகியவற்றை அவர் பரிந்துரைத்தார்.

கணிதம் தந்த விடை

1908-இல் வெளியான மொரிஷியஸ் அறிக்கையில், மற்ற மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றையும் ராஸ் சேர்த்தார். அது ஒரு கணக்கு. மலேரியா நோயாளியைக் கடிக்கும் கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. ஒட்டுண்ணி அதன் உடலில் முதிர்ச்சியடையப் பத்து நாட்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் இறந்துவிடும். எஞ்சியவற்றிலும் எல்லாமே மீண்டும் மனிதரைக் கடிப்பதில்லை. அதே வேளையில் பழைய நோயாளிகள் குணமடைந்துகொண்டே இருக்கின்றனர். ஆகவே, மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது கொசுக்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், புதிய நோயாளிகளைவிடக் குணமடைவோர் மிகுவர். மலேரியா தானாகவே தேய்ந்து மறையும். கடைசிக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை.

எல்லாக் கொசுக்களையும் ஒழிக்க முடியாது, எனவே முயல்வதே வீண் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அதுவரை எழவில்லை. பின்னர் வெளியான தமது மலேரியாத் தடுப்பு நூலில் அவர் இக்கணக்கை மேலும் விரித்தார். தொற்றுநோய்களின் போக்கைக் கணிதத்தால் கணிக்கும் இன்றைய துறையின் முன்னோடிகளுள் ராஸ் முக்கியமானவராகக் கருதப்படுகிறார்.

மொரிஷியஸின் விடுதலை விரைவில் வரவில்லை. 1940-களின் இறுதியில் டிடிடி மருந்துத் தெளிப்புத் தொடங்கிய பின்னரே நோய் வேகமாக வீழ்ந்தது. 1973-இல் உலக சுகாதார அமைப்பு அத்தீவை மலேரியா அற்றதாக அறிவித்தது. சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைகாட்ட, கண்காணிப்பை முடுக்கி அதனை இரண்டாம் முறையும் விரட்ட வேண்டியிருந்தது. 2015-இல் மாலத்தீவும் 2016-இல் இலங்கையும் மலேரியா அற்ற நாடுகளாகச் சான்று பெற்றன.

இன்றைய தீவுப் பயணிக்கு

மலேரியா நீங்கிய தீவில் கொசுக்கடி ஆபத்தற்றது எனக் கொள்வதற்கில்லை. 2005, 2006 ஆண்டுகளில் மொரிஷியஸில் சிக்குன்குனியா பரவியது. மாலத்தீவில் டெங்கு தொடர்ந்து காணப்படுகிறது. இவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை மங்கும் முன்பும் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். ஆகவே கொசுவலை மட்டும் போதாது. பகலிலும் முழுக்கை ஆடை அணிவதும், டீட் அல்லது பிகாரிடின் கலந்த கொசுவிரட்டியைப் பூசுவதும் தேவை. வெயில் தடுப்புக் களிம்பு பூசுவோர் முதலில் அதைப் பூசி, அதன் மேல் கொசுவிரட்டியைப் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு எதைப் பூசுவது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

தங்கும் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவருவதும் பயனுள்ளது. பூந்தொட்டியின் அடித்தட்டு, தேங்காய் மட்டை, பழைய டயர், மூடாத வாளி ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். வெப்பமான தீவுகளில் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் அந்தத் தலைமுறை பிறக்காது. அறைக்குள் வந்த கொசுவை அடிப்பதைவிடச் சன்னலுக்கு வெளியே உள்ள நீரைக் கவிழ்ப்பது பயன் தரும் என்பதைப் பெங்களூருவில் ராஸ் நேரில் கண்டார்.

பயணத்துக்கு முன், செல்லும் தீவில் மலேரியா உள்ளதா, தடுப்பு மாத்திரை தேவையா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். திரும்பிய பின் சில வாரங்களுக்குள், சில வேளைகளில் மாதங்கள் கழித்தும்கூட, காய்ச்சல் வந்தால் சென்றுவந்த ஊரின் பெயரைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் நோயை விரைவில் கண்டறிய உதவும்.

இறுதி ஆண்டுகள்

முதல் உலகப் போரில் மலேரியா ஆலோசகராகப் பணியாற்றிய ராஸ், 1926-இல் லண்டனில் தம் பெயரால் அமைந்த வெப்பமண்டல நோய் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். 1927-இல் இந்தியா வந்தபோது, அவர் பணியாற்றிய கொல்கத்தா மருத்துவமனையில் அவருக்கான நினைவு வாயில் திறக்கப்பட்டது. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி லண்டனில் காலமானார். முந்தைய ஆண்டு மறைந்த மனைவி ரோசாவின் அருகிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் ஆய்வு நடத்திய பேகம்பேட்டைக் கட்டடம் இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.