உயிர் காத்த பனிக்கோடரி
எவரெஸ்டு வீரர் டென்சிங்கின் வாழ்க்கை

1953-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி. எவரெஸ்டு மலையின் கும்பு பனிச்சரிவில் இரண்டு பேர் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் நியூசிலாந்து நாட்டு ஹில்லாரி. பின்னால் வந்தவர் டென்சிங். இருவரையும் ஒரே கயிறு பிணைத்திருந்தது.

வழியில் ஒரு பனிப் பிளவு. ஹில்லாரி அதைத் தாண்டிக் குதித்தார். அவர் கால் வைத்த பனிக்கட்டி பெயர்ந்தது. அதோடு அவரும் பிளவுக்குள் விழுந்தார்.

டென்சிங் பதறவில்லை. தன் பனிக்கோடரியின் காம்பைப் பனியில் ஆழமாகக் குத்தினார். கயிற்றை அதில் சுற்றி இறுக்கினார். கயிறு விறைத்து நின்றது. ஹில்லாரி உயிர் பிழைத்தார்.

வெறுங்கையால் மட்டும் பிடித்திருந்தால்? விழுகிறவரின் பாரம் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்!

சுமை தூக்கியவர்

டென்சிங் நார்கே 1914-ம் ஆண்டு ஏழை ஷெர்பா குடும்பத்தில் பிறந்தார். எழுதப் படிக்கக் கற்கவில்லை. ஆனால் பல மொழிகள் பேசுவார். வாலிப வயதில் பிழைப்புத் தேடி டார்ஜிலிங் வந்தார்.

1935-ல் பிரிட்டிஷ் குழுவினருக்குச் சுமை தூக்கிக்கொண்டு எவரெஸ்டுக்குப் போனார். 1952-ல் சுவிட்சர்லாந்து வீரர் லாம்பர்ட்டுடன் 28 ஆயிரம் அடிக்கு மேல் ஏறினார். உச்சியைத் தொட முடியவில்லை.

மனம் தளராமல் மறு ஆண்டு ஏழாவது முறையாகப் புறப்பட்டார். இந்த முறை துணை, பிளவில் விழுந்து பிழைத்த அதே ஹில்லாரி.

உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பாறை ஒன்று வழிமறித்தது. ஹில்லாரி ஏறினார். டென்சிங் கீழே உறுதியாக நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு டென்சிங் ஏற, மேலே இருந்த ஹில்லாரி பிடித்துக்கொண்டார். மே 29-ந் தேதி பகல் 11.30 மணிக்கு இருவரும் உலகின் உச்சியில் நின்றார்கள்.

நங்கூரம் போல

1954-ல் டார்ஜிலிங்கில் இமயமலை ஏறும் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பிரதமர் நேரு அதில் மிகுந்த அக்கறை காட்டினார். மலையில் பயிற்சி கொடுக்கும் பிரிவுக்கு டென்சிங் தலைவர் ஆனார். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அங்கே மாணவர்கள் பழகும் பாறை ஒன்றுக்கு அவர் பெயரே விளங்குகிறது.

பாறை ஏறுவோருக்கு ஒரு முக்கியமான பாடம் உண்டு. மேலே ஏறியவர், கீழே இருப்பவரை உடனே கூப்பிடக் கூடாது. முதலில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அசையாத பாறை முனையில் கயிற்றை மாட்ட வேண்டும். முனை இல்லாவிட்டால் பாறை வெடிப்பில் இரும்பு ஆணி அடிக்க வேண்டும். பலமாக இழுத்துச் சோதிக்க வேண்டும். பிறகு தன் இடுப்புக் கயிற்றைத் தொய்வு இல்லாமல் அதில் கட்ட வேண்டும். கப்பலுக்கு நங்கூரம் எப்படியோ, அப்படியே மலையேறுகிறவருக்கு இந்தக் கட்டு.

அதன் பிறகுதான் கீழே இருப்பவர் ஏறலாம். அவர் கால் தவறினாலும் மேலே இருப்பவர் சரிய மாட்டார். இருவரும் பிழைப்பார்கள்.

டென்சிங் 1986-ம் ஆண்டு மே 9-ந் தேதி காலமானார். அவர் பணியாற்றிய பயிற்சிப் பள்ளி வளாகத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது.

பிறரைத் தாங்க நினைப்பவர் முதலில் தான் உறுதியாக நிற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த வீரர், பனிப் பிளவின் விளிம்பில் அதைச் செய்து காட்டினார்.