சிலுவையின் முன் முழந்தாளிட்ட அசிசியார்



நமது இல்லங்களில் செபம் சொல்லும் இடத்தில் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கின்றது. நாள்தோறும் அதன் முன் முழந்தாளிடுகின்றோம். ஆனால் அதில் தொங்குபவரை உண்மையாகவே பார்க்கின்றோமா? புனித பிரான்சிஸ் அசிசியாரின் வாழ்வு இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

இத்தாலியின் அசிசி நகரில், செல்வம் மிக்க துணி வணிகர் ஒருவரின் மகனாக 1181 அல்லது 1182ஆம் ஆண்டில் பிரான்சிஸ் பிறந்தார். ஆடம்பரமும் போர்ப் புகழும் அவரது இளமைக் கனவுகளாயிருந்தன. 1202இல் அயல் நகரான பெருஜியாவுடன் நடந்த போரில் சிறைப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டின் பின்னரே விடுதலை பெற்றார். பின்னர் நோயும் வந்தது. பழைய இன்பங்கள் அவருக்குக் கசந்தன.

தொழுநோயாளரைக் காணவே அருவருத்த அவர், ஒருநாள் வழியில் எதிர்ப்பட்ட தொழுநோயாளி ஒருவரைக் கண்டதும் குதிரையிலிருந்து இறங்கி முத்தமிட்டார். தமது இறுதிச் சாசனத்தில், மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் குறிப்பிடுவதும் தொழுநோயாளரிடையே கழித்த அந்நாள்களையே.

ஏறத்தாழ 1205ஆம் ஆண்டில், நகருக்கு வெளியே பாழடைந்து கிடந்த புனித தமியான் சிற்றாலயத்தில் அவர் செபித்தார். அங்கே மரத்தில் தீட்டப்பட்ட சிலுவை ஒன்று இருந்தது. அதிலுள்ள இயேசுவின் கண்கள் திறந்தே இருக்கின்றன. இடிந்துவரும் தம் இல்லத்தைச் செப்பனிடுமாறு ஆண்டவர் அச்சிலுவையிலிருந்து தமக்குப் பணித்ததாகப் பிரான்சிஸ் உணர்ந்தார். உடனே கற்களை இரந்து பெற்று, தம் கையாலேயே சுவர்களைக் கட்டினார். செப்பனிட வேண்டிய இல்லம் திருச்சபையே என்பது காலப்போக்கிலேயே தெளிவாயிற்று. ஆயர் முன்னிலையில் உடுத்திய ஆடைகளையும் தந்தையிடம் கையளித்து, வறுமையைத் தழுவினார். அவரைப் பின்பற்றிய சகோதரர்களின் வாழ்க்கைமுறைக்குப் பாப்பரசர் 3ஆம் இன்னொசென்ற் 1209இல் வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார்.

1224 செப்டெம்பரில், திருச்சிலுவை மகிமை விழாவை ஒட்டிய நாள்களில், லாவேர்னா மலையில் செபித்திருந்த அவரது உடலில் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள் தோன்றின. இவ்வரத்தை அவர் பெருமையாகக் காட்டவில்லை. இயன்றவரை மறைத்தே வைத்தார். கண்பார்வை மங்கி, உடல் நலிந்து, 1226 ஒக்டோபர் 3ஆம் நாள் வெறுந்தரையில் கிடந்தவாறே இறைவனடி சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அந்தச் சிலுவை இன்று அசிசியின் புனித கிளாரா பேராலயத்தில் வணங்கப்படுகின்றது.

அன்பர்களே, சிலுவையை நோக்கிய அசிசியாரின் கண்கள் துன்புறுவோரைக் கண்டு திரும்பிக்கொள்ளவில்லை. சுரூபத்தின் காயங்களை முத்தமிடும் நாம், அடுத்த அறையில் படுக்கையிலிருக்கும் முதியவரின் புண்ணைக் கழுவத் தயங்குகின்றோமா? பேச்சுவார்த்தையின்றி ஒதுக்கிவைத்த உறவினரின் வாசலைத் தாண்டிப் போகின்றோமா? இன்று மாலைச் செபத்தின் போது சற்றுநேரம் அமைதியாய்ச் சிலுவையை நோக்குவோம். பின் எழுந்து, அவர் அனுப்பும் இடத்திற்குச் செல்வோம்.