இரண்டு பற்களில் ஒரு சிங்கம்

எங்கள் ஊவாவில் இன்று மிகப் பெரிய காட்டு மிருகம் யானைதான். அயலிலுள்ள சப்ரகமுவவிலோ ஒரு காலத்தில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம்கூடத் திரிந்தன. இதைக் கண்டறிந்தவர் போல் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல.

1900இல் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் கற்றார். 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்தார். அவ்வளவு படித்தவர் நாடிப்போனது இரத்தினபுரி மாணிக்கக் குழிகளை. இல்லத்தோடு எலும்பு வந்தால் வீசிவிடுவார்கள் என்று கல் வியாபாரம் செய்யும் என் சாச்சா சொல்வார். தெரணியகல அந்த எலும்புகளைத்தான் தேடினார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டே 1939இல் இலங்கைச் சிங்கத்துக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். பலாங்கொடை மனிதனுக்குப் பெயரிட்டவரும் அவரே.

அந்த மிருகங்கள் ஏன் அழிந்தன? மனிதனின் வேட்டை என்பார் சிலர். மழை கூடிக் காடு அடர்ந்து புல்வெளி சுருங்கியது என்பார் வேறு சிலர். எனக்கு இரண்டாவதே பொருந்துவதாகப் படுகிறது. சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் திறந்த புல்வெளி வேண்டும். யானையோ புல்லும் தின்னும், இலையும் மரப்பட்டையும் தின்னும். அது தப்பிவிட்டது.

தெரணியகல 1976இல் காலமானார். இரத்தினபுரியில் இன்றும் குழி தோண்டுகிறார்கள்.