குலம் கேளாத இல்லம்

புதுக்கோட்டை மண் ஈன்ற பெண்மணிகளுள் முதன்மையானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 30-7-1886 அன்று பிறந்தார். தந்தை நாராயணசாமி அந்தணர், கல்வியாளர். தாய் சந்திரம்மாள், பெண்களுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடும் வழக்கமிருந்த இசை மரபில் வந்தவர். இம்மணத்தால் தந்தையைச் சுற்றத்தார் விலக்கினர். ஊரோ, மகளைத் தாய்க்குலத்தின் பெயரால் மட்டுமே அளந்தது.

நம் மன்னர் கல்லூரியில் அவர் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. பெண்ணாய்ப் பிறந்தது ஒரு குறை. தாயின் குலம் மற்றொரு குறை! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தடைகளை விலக்கி இடமளித்தார். 1912-இல் அம்மையார் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். பிறப்பை மறந்து ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். அவரோ பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தம் தொழிலும் கலையும் அழியுமென அக்குலப் பெண்கள் சிலரே எதிர்த்தனர். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. 1947-இல் தடைச் சட்டம் நிறைவேறியது.

அவ்வழக்கத்தினின்று தப்பி வந்த சிறுமியரை, குலத்தைக் காட்டி விடுதிகள் ஏற்க மறுத்தன. 1930-இல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். 22-7-1968 அன்று மறைந்தார்.

நம் சேர்க்கை விண்ணப்பத்திலும் குலம் எழுதும் கட்டம் உண்டு. இன்று அது கதவைத் திறக்கக் கேட்கப்படுகிறது. அன்று அடைக்கக் கேட்கப்பட்டது. அவ்வேறுபாட்டை உணர்ந்து நடப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றியாகும்.