அன்னை ஐடா ஸ்கடர்

வேலூர் மருத்துவப் பணியின் தாயெனப் போற்றப்பெறும் ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் திண்டிவனத்தில் ஓரிரவு, ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கத்தால் பேறுகாலத்தில் மூன்று தாய்மார் மாண்டமை அறிந்து உள்ளம் கலங்கினார். மருத்துவராகத் துணிந்து அமெரிக்கா சென்றார். 1899இல் பட்டம் பெற்றார்.

1902இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் அவர்தம் மருத்துவமனை திறக்கப்பெற்றது. ஆயின், கட்டடமும் கட்டிலும் நோய் தீர்க்குமோ? மருந்து கலக்கவும் புண் கழுவிக் கட்டவும் பயின்ற கைகள் வேண்டுமன்றோ? எனவே 1903இல் கம்பவுண்டர் பயிற்சி, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்கள் மருத்துவப் பள்ளி எனத் தொடங்கினார். பெண்கள் வாரார் என ஐயுற்றனர் சிலர். வந்த விண்ணப்பங்களோ 151. முதல் அணியில் தேர்வெழுதிய பதினால்வரும் 1922இல் வெற்றி பெற்றனர். 1960இல் அன்னையார் மறைந்தார்; அவர் பயிற்றுவித்த கைகள் ஓயவில்லை.

நம் இராமநாதபுரத்திலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்கு நம் மக்கள் நோயாளிகளாக மட்டும் வரிசையில் நிற்பதோ? செவிலியராய், மருந்தாளுநராய், மருத்துவராய் நம் பிள்ளைகள் பணிபுரிதல் வேண்டும் என்பதே நமது வேட்கை. இளைஞர்களே, கற்பீர்! தங்கையரையும் படிக்க அனுப்புவீர்!