எனிக்மாவை உடைத்த ஆலன் டூரிங், ஒட்டுக்கேட்பைத் தடுக்கவும் ஒரு மெஷின் செய்தார் தெரியுமா?

வாட்ஸ்அப்பில் கால் பண்ணும்போது 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட்' என்று திரையில் ஒரு வரி வரும். நடுவில் யாராவது அந்த டேட்டாவைப் பிடித்தாலும் பேச்சு புரியாது, வெறும் குப்பைதான் கிடைக்கும் என்று அர்த்தம். இதே காரியத்துக்காக இரண்டாம் உலகப் போர் காலத்திலேயே மேஜைமேல் வைக்கிற அளவில் ஒரு மெஷின் செய்தவர் ஆலன் டூரிங்.

ஜெர்மனியின் எனிக்மா ரகசியத்தை உடைத்தவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். 'தி இமிடேஷன் கேம்' படமும் அதோடு நின்றுவிடும். பூட்டை உடைத்தவர் பூட்டு செய்த கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை.

டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23-ல், லண்டனில். ஆனால் அவருடைய அம்மா சாரா பிறந்தது நம்ம போத்தனூரில்! தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் குன்னூரில் பிறந்தவர். ஆலன் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, 1936-ல் கம்ப்யூட்டர் அறிவியலுக்கே அடித்தளமான ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டபோது வயது 24.

1939 செப்டம்பரில் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தார். ஜெர்மன் ராணுவச் செய்திகள் ரேடியோவில் போகும். காற்றில் போவதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். எனிக்மாவில் ஓர் எழுத்து ஒருபோதும் அதே எழுத்தாக மாறாது. வானிலை அறிக்கை மாதிரி வழக்கமான வாசகங்களும் திரும்பத் திரும்ப வரும். இந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளே உடைப்பவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, நேச நாடுகளின் போன் மட்டும் பத்திரமா? இல்லை. ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசிய அட்லாண்டிக் லைனில் இருந்த 'ஏ-3' கருவி, பேச்சைக் கலைத்துத்தான் அனுப்பியது. ஆக்கிரமிக்கப்பட்ட நெதர்லாந்தில் உட்கார்ந்து ஜெர்மானியர்கள் அதைச் சரிசெய்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக அமெரிக்கா உருவாக்கியதுதான் 'சிக்சலி'. எடை 50 டன்னுக்கும் மேல்!

அதைப் பரிசோதிக்க 1943 தொடக்கத்தில் நியூயார்க் பெல் லேப்ஸுக்குப் போனார் டூரிங். அங்கே கிளாட் ஷானனோடு டீ குடித்தபடி நிறைய பேசினார். இரண்டு பேருமே ரகசியக் குறியீட்டு வேலையில் இருந்தும், அதைப் பற்றி மட்டும் பேச அனுமதி இல்லை. அதனால் மெஷின் யோசிக்குமா என்று பேசினார்கள்.

திரும்பி வந்தவர், சின்னதாக ஒன்று செய்யலாமே என்று ஹான்ஸ்லோப் பார்க்கில் இறங்கினார். கூட இருந்தவர் டொனால்ட் பெய்லி என்ற இளம் இன்ஜினீயர். நண்பர் ஒருவர் சொன்ன பெயர் 'டெலைலா'. தமிழ் பைபிளில் சிம்சோனை ஏமாற்றும் அதே தெலீலாள்தான்.

சிம்பிளா சொன்னா, பேச்சை நொடிக்கு 4,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவோடும் ஒரு ரகசிய அளவைக் கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு, பேச்சின் அளவு 7, ரகசியம் 8. கூட்டினால் 15, பத்தைக் கழித்துவிட்டு 5 மட்டும் போகும். ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது 5. அது எதிலிருந்து வந்ததென்று சொல்ல வழியில்லை. அந்தப் பக்கம் அதே 8 வைத்திருப்பவருக்கு மட்டும் மறுபடி 7 கிடைக்கும். ஆக, எல்லாம் அந்த 8 வெளியே கசியாமல் இருப்பதில்தான் இருக்கிறது. இன்றைய நெட்வொர்க் பாதுகாப்பிலும் சாவிதான் தலைவலி.

சர்ச்சிலின் பேச்சுப் பதிவு ஒன்றைப் போட்டு சோதித்தார்கள். வேலை செய்தது, ஆனால் குரல் கொரகொரவென்றுதான் வந்தது. அதற்குள் போரும் முடிந்துவிட, டெலைலா பயன்பாட்டுக்கே வரவில்லை.

1952-ல் வீட்டில் திருட்டு போனதென்று டூரிங்கே போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணை அவருடைய ஒருபாலுறவு பக்கம் திரும்பியது. அவரும் மறைக்கவில்லை. அன்று அது குற்றம். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. நாட்டின் ரகசியங்களைக் காத்தவருக்கு ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்பு கேட்டார், 2013-ல் அரச மன்னிப்பு கிடைத்தது, 2021-ல் 50 பவுண்ட் நோட்டில் அவர் படமே வந்துவிட்டது. டெலைலா குறிப்புகளை மட்டும் பெய்லி கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 2023-ல் லண்டனில் அவை ஏலம் போனபோது கிடைத்த விலை 3.8 லட்சம் பவுண்டுக்கும் மேல்.