புற்றுநோயை எதிர்த்த புதுக்கோட்டைப் பெண்மணி

அன்னவாசல் வட்டாரத்துக்குப் புகழ் தேடித் தந்தவை சித்தன்னவாசல் ஓவியங்கள். அந்த அன்னவாசலும் அடங்கியிருந்த பழைய புதுக்கோட்டை சமஸ்தானம், உலகம் போற்றும் ஒரு பெண்மணியையும் தந்தது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்விமான். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அதனால் ஊரார் ஏச்சுக்குப் பஞ்சமில்லை.

கல்லூரியில் எதிர்ப்பு

பெண் பிள்ளை எழுத்தறிவதே அதிசயமாக இருந்த காலம் அது. 1904-ல் முத்துலட்சுமி மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் கல்லூரியில் பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளி அனுமதி அளித்தார். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி அவரே!

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தங்கையின் மரணம்

1923-ல் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. தங்கை வயிற்று உபாதையால் வாடினார். சீதபேதி என்று கருதி மருந்து கொடுத்தார்கள். நோய் நிற்கவில்லை. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கை மறைந்தார்.

நோயின் பெயரைத் தவறாகச் சொன்னால் நல்ல மருந்தும் வீண் என்பதை அம்மையார் தம் வீட்டிலேயே கண்டார். 1925-ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதையும் பார்த்தார். நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற உறுதி மனதில் வேர் விட்டது.

இடையே பொதுவாழ்வு அழைத்தது. சென்னை சட்டசபையில் அமர்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்ற பெருமை பெற்றார். துணைத் தலைவராகவும் இருந்தார். காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் துறந்தார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியதன் பயனாக 1947-ல் சட்டம் வந்தது.

அடையாற்றில் 12 படுக்கைகள்

புற்றுநோய் வந்தால் சாவுதான். அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. அம்மையார் தளரவில்லை. வீடு வீடாக, சபை சபையாக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் உழைத்தார். 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்தார். 1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ல் அவர் மறைந்தார். மருத்துவமனை வளர்ந்து ஓங்கி நிற்கிறது.

மூளைக் கட்டியிலும் அதே பாடம்

அம்மையார் காலத்தில் கட்டியை இருக்கும் இடத்தாலும், மைக்ராஸ்கோப்பில் தெரியும் உருவத்தாலும் இனம் பிரித்தார்கள். உருவம் ஒன்றுபோல் இருந்தும் ஒருவர் பிழைப்பார், ஒருவர் மடிவார். காரணம் புரியாமல் டாக்டர்கள் திகைத்தார்கள். இப்போது கட்டியின் மரபணுவையே படிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் இந்த அடையாளங்களை மூளைக் கட்டியின் வகைப்பாட்டில் சேர்த்தது. 2021-ல் இன்னும் விரிவாக்கியது.

குழந்தைகளின் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற கட்டியைப் பாருங்கள். ஒரே பெயர், உள்ளே நான்கு பெரும் பிரிவுகள். டபிள்யூ.என்.டி. என்ற பிரிவு நன்றாகக் குணமாகிறது. மூளைத் தண்டோடு ஒட்டிய சிறு துணுக்கையும் சுரண்டி எடுக்க முயன்றால் குழந்தையின் நடையும் பேச்சும் போகலாம். இந்தப் பிரிவில் அந்த ஆபத்தான முயற்சிக்குத் தேவை குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கொடுக்கும் கதிர்வீச்சு, பிஞ்சு மூளையின் படிப்புத் திறனையும் உடல் வளர்ச்சியையும் பாதிக்கும். ஆகவே இந்தப் பிரிவினருக்குக் கதிரின் அளவைக் குறைக்கலாமா என்று சோதனைகள் நடக்கின்றன. வேறு பிரிவுகளில் குறைத்தால் நோய் திரும்பும் அபாயம் உண்டு.

பெரியவர்களுக்கு வரும் கட்டியிலும் அப்படியே. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும். இயன்றவரை அகற்றிய பிறகு, சிலருக்குக் கதிர்வீச்சைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கலாம். அந்த மாற்றம் இல்லாத கிளையோபிளாஸ்டோமா பொல்லாதது. அறுவைக்குப் பின், வழக்கமாக 6 வாரக் கதிர்வீச்சும் மாத்திரையும் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

இந்த நுட்பமெல்லாம் நோயாளி வந்து சேர்ந்த பிறகுதான். காலையில் தலைவலி, அதோடு வாந்தி, தள்ளாடும் நடை, இரட்டைப் பார்வை ஆகியவை குழந்தைக்குத் தொடர்ந்து இருந்தால் அஜீரணம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சீதபேதி என்று கருதிய நோய் ஒரு தங்கையைப் பறித்தது. வாந்தியை வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் காலம் கடத்தினால் அதே கதை திரும்பும்.

நோயை அதன் சரியான பெயரால் அறிவதே சிகிச்சையின் முதல் படி. அந்தப் படியை ஏழைக்கும் எட்டும்படி கட்டியவர் புதுக்கோட்டை தந்த முத்துலட்சுமி அம்மையார்.